கலைஞரின் கனவு இல்லம்: பேஸ்மட்டம் வரை யார் பணம்?

திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் வீடு கட்ட அரசு தரும் உதவிகளில் இன்று அதிகமாகப் பேசப்படுவது கலைஞரின் கனவு இல்லம் திட்டம்தான். 2024 பிப்ரவரியில் மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட இத்திட்டம், 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகளைக் கட்டிக் குடிசைகளே இல்லாத நிலையை உண்டாக்குவது என்ற இலக்கோடு தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் ஒரு லட்சம் வீடுகள், வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய், ஆக மொத்தம் 3,500 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். மானூர் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பதும், யூனியன் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அவர்களோடு துணைக்குப் போய் வருவதும் எனக்கு வழக்கமாகிவிட்டதால், விண்ணப்பத்தில் தொடங்கிக் கடைசித் தவணை வரை இத்திட்டம் நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். தொகை போதவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மைதான் என்றாலும், ஒரு வீடு எழும்புவதும் பாதியில் நிற்பதும் மொத்தத் தொகையைப் பொறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. முதல் தவணை கைக்கு வருவதற்கு முன்னால் வீட்டுக்காரர் தம் கையிலிருந்து போட வேண்டியிருக்கும் பணமே அதைத் தீர்மானிக்கிறது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. மொத்தப் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையை வீட்டுக்காரர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். மண்சுவருக்கும் ஓலைக்கும் இடமில்லை. இந்த 60 சதுர அடிச் சலுகையை வகுத்தவர் யாரோ கிராமத்து வாழ்க்கையை அறிந்தவராக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் அதை முன்பக்கம் ஓடு சாய்த்த திண்ணையாகவோ, புறவாசல் பக்கம் புகை வெளியேறும் அடுக்களையாகவோ மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் தளத்துக்கு அடியில் பகலில் உட்கார முடியாத இந்தப் பூமியில், அந்த ஓட்டுச் சாய்ப்புக்குள்தான் பீடித்தட்டும் அரிவாள்மனையும் வந்து சேர்கின்றன. 2011-12-இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடிதான், அதற்குத் தொகை 1.80 லட்சம், அதற்கும் முன்னால் 2010-இல் வந்த கலைஞர் வீடு வழங்கும் திட்டத்தில் 75,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் இப்போதைய வீடு இடத்திலும் மதிப்பிலும் முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பசுமை வீட்டில் கொடுத்த சூரிய மின்விளக்குகள் பல வீடுகளில் எரியாமல் போய்விட்டன. அந்த மாதிரிக் கூடுதல் சாமான் எதையும் இத்திட்டத்தில் சேர்க்காமல் விட்டது நல்லதே.

இனிக் கணக்கு. 3.50 லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய்கூட வரவில்லை. எளிய வீட்டுக்கே எங்கள் பக்கத்து ஒப்பந்தக்காரர்கள் கேட்கும் தொகை அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இதற்கு மேல், 3.50 லட்சமும் ரொக்கமாக வருவதாக நினைத்துக்கொண்டு யாரும் இறங்கிவிடக் கூடாது. திட்டத்தின் பணம் 3.10 லட்சம்தான். மீதி 40,000 ரூபாய், நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியாகவும் தூய்மை பாரத இயக்கத்தின் கழிப்பறை மானியமாகவும் தனித்தனியே வருவது. வேலை அட்டை இல்லாத முதியவர்களுக்கு அந்தக் கூலிப் பகுதி எட்டாக்கனியாகிவிடுகிறது. அட்டை இருப்பவர்களுக்கும் 2024 இறுதியிலிருந்து மாநிலம் முழுவதும் நூறு நாள் வேலைக் கூலி மாதக்கணக்கில் தேங்கியபோது, வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதையும் சேர்த்துத்தான் காத்திருந்தார்கள். சிமெண்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றியத்தின் வழியாகவே கிடைக்கின்றன; அதற்கான விலையைத் தவணையில் கழித்துக்கொள்கிறார்கள். கடை விலையைவிட இது மலிவு என்பதால் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூட்டைகள் வந்து இறங்கிய பிறகு வேலை நின்றுவிட்டால், சிமெண்ட் கட்டி தட்டிப் போகாமல் பாதுகாக்க ஒழுகாத ஓர் இடம் வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத காரணத்தால்தானே இவர்கள் இத்திட்டத்துக்கே வருகிறார்கள்.

பணம் நான்கு கட்டங்களாக வருகிறது. பேஸ்மட்டம், அதாவது தரைக்கு மேல் எழும்பும் அடித்தளம், முடிந்ததும் ஒன்று, கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தில் ஒன்று, தளம் போட்டதும் ஒன்று, வேலை முழுவதும் முடிந்த பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து படம் எடுத்துக் கணினியில் ஏற்றிய பிறகே பில் நகரும். ஏமாற்றுக்கு இடம் கொடுக்காத ஏற்பாடு என்ற வகையில் இதை நான் பாராட்டுகிறேன். ஒரு காலத்தில் கட்டாத வீட்டுக்குப் பணம் எடுத்ததாகவும், ஒரே வீட்டை இரண்டு திட்டங்களில் காட்டியதாகவும் கேள்விப்பட்ட கதைகள் இப்போது அவ்வளவு எளிதாக நடக்காது. ஆனால் இந்தப் பாதுகாப்புக்கான விலையை முதல் கட்டத்தில் ஏழையே கொடுக்கிறார். வானம் என்று நாங்கள் சொல்லும் அஸ்திவாரக் குழி தோண்டி, கல் கட்டி, மண் நிரப்பி, பேஸ்மட்டம் வரை கொண்டுவர எங்கள் பக்கத்தில் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. எங்கள் தெருவில் தனியாக வாழும் மூதாட்டி ஒருவரிடம் கொத்தனார், "பேஸ்மட்டம் வரைக்கும் நம்ம துட்டுதான் ஆச்சி, அதுக்கப்புறம்தான் பில்லு வரும்" என்று சொன்னபோது, "நம்ம துட்டு இருந்தா நான் ஏம்ப்பா ஆபீசுக்கு நடக்கேன்?" என்று அவர் கேட்டார். இத்திட்டத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் இதைவிடத் துல்லியமான ஒன்று இல்லை.

அந்த ஐம்பதாயிரத்தை மக்கள் எங்கிருந்து திரட்டுகிறார்கள் என்று பார்த்தால்தான் திட்டத்தின் உண்மையான செலவு தெரியும். நகை இருப்பவர்கள் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கிறார்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள் குழுக் கடன் எடுக்கிறார்கள். இரண்டும் இல்லாதவர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள். கந்துவட்டிக் கொடுமையால் 2017-இல் இம்மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலிலேயே ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டதைக் கண்ட ஊர் இது. ஏழைக்கு வீடு தரும் திட்டம், அவரை முதலில் வட்டிக்காரரின் வாசலுக்கு அனுப்பிவிட்டுத்தான் தன் கதவைத் திறக்கிறது என்றால், அதை நடைமுறைச் சிக்கல் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. முன்பணம் கொடுத்தால் ஏமாற்றுவார்கள் என்ற வாதமும் முழுமையாக நிற்பதில்லை. பீடித் தொழிலாளர்களுக்காக ஒன்றிய அரசின் தொழிலாளர் நலத்துறை 2016-இல் திருத்தி அமைத்த வீட்டு மானியத்தில், 1.50 லட்சத்தை 25, 60, 15 விழுக்காடு என்று பிரித்து, முதல் 25 விழுக்காட்டை அனுமதி கிடைத்தவுடன் முன்பணமாகக் கொடுக்கும்படி வகுத்திருந்தார்கள். முக்கூடல், பாப்பாக்குடி பக்கங்களில் பீடி சுற்றும் பெண்களுக்குத் தெரிந்த முறை அது. தொகை சிறிதாக இருந்தாலும் தொடங்குவதற்குக் கையில் காசு இருந்தது. அதே முறையை இத்திட்டத்தின் முதல் கட்டத்துக்கு மட்டுமாவது கொண்டுவந்தால், பாதிக் குறை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

பேஸ்மட்டச் செலவு எல்லா ஊரிலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ராதாபுரம் பக்கத்துச் செம்மண்ணில் போதுமான ஆழத்துக்குத் தோண்டினால் கெட்டியான தரை கிடைத்துவிடும். கரிசல் பூமியில் அப்படியில்லை. மழைக்கு ஊதி, வெயிலுக்குச் சுருங்கி, ஒரே ஆண்டில் சுவரைப் பிளந்துவிடும் மண் அது. அங்கே ஆழமாகத் தோண்டி, கரிசலை அப்புறப்படுத்தி, சரளையோ மணலோ நிரப்பிக் கான்கிரீட் பெல்ட் போட வேண்டும். ஆனால் அரசுத் தொகை இரண்டு ஊருக்கும் ஒன்றே. செலவுக்கு அஞ்சி அந்த ஆழத்தைக் குறைத்தவர்களின் வீடுகளில் தளம் போட்ட அடுத்த கோடையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து விரிசல் ஓடுவதைப் பார்க்கலாம். பொறியாளர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. மண்ணைப் பொறுத்துத் தொகையை ஏற்றித்தரும் விதி இல்லை, அவ்வளவுதான். இதோடு மணலும் சேர்ந்துகொள்கிறது. தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்தது; ஆற்றைக் காப்பாற்றிய அந்தத் தீர்ப்பில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதன் பிறகு இங்கே எல்லோரும் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை நம்பியிருக்கிறார்கள். கேரளத்துக்கு லாரி லாரியாக அது எல்லை தாண்டிப் போவதும், 2025 ஏப்ரலில் கனிம வரியை எதிர்த்து குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், லிண்டல் மட்டத்தில் நின்ற இந்தச் சிறு வீடுகளைத்தான் முதலில் பாதித்தன. பெரிய ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே வாங்கிக் குவித்துவிடுவார். ஒரு யூனிட், இரண்டு யூனிட்டாக வாங்குகிறவர் அன்றைய விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அடுத்த தடை நிலம். குடிசையில் வாழ்வதோடு, வீடு கட்டும் மனைக்குப் பட்டாவும் வேண்டும். கேட்பதற்கு எளிய நிபந்தனைதான். ஆனால் ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் தலைமுறைகளாக இருப்பவர்களின் பட்டா தாத்தா பெயரிலோ, பெரியப்பாவையும் சேர்த்த கூட்டுப் பட்டாவாகவோ இருக்கும். உட்பிரிவு செய்ய வாரிசுச் சான்றும் பங்காளிகள் எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும். ஒரு தம்பி மும்பையில், ஒரு மதினி சென்னையில் என்று சிதறிக் கிடக்கும் திருநெல்வேலிக் குடும்பங்களில் அந்தக் கையெழுத்துகளைச் சேர்ப்பதற்குள் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு முடிந்துவிடுகிறது. குளத்தங்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது என்பதில் நீதிமன்றங்கள் உறுதியாக இருக்கின்றன, அது சரியும்கூட. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நீர்வழியில் இருந்த வீடுகள் என்ன ஆயின என்பதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. ஆகவே அவர்களுக்கு வேறு இடத்தில் மனை ஒதுக்கிப் பட்டா கொடுத்த பிறகுதான் இத்திட்டம் பொருள்படும். வருவாய்த்துறை ஒரு பக்கமும் ஊரக வளர்ச்சித்துறை மறுபக்கமுமாக நிற்க, அந்த இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்க்கிற மேசை எதுவும் நான் பார்த்த அலுவலகங்களில் இல்லை. மனுவோடு போகிறவரே ஒரு துறையின் பதிலை மற்றொரு துறைக்குச் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது.

குடிசை என்று யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதிலும் ஒரு விபரீதம் உண்டு. பனையோலை வேய்ந்த வீட்டை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மாற்றி வேய வேண்டும். பனையேறிகள் குறைந்து, ஓலையும் கிடைக்காமல், வேயத் தெரிந்தவர்களும் அருகிப் போனதால், நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில்கூடப் பலர் கடன் வாங்கித் தகரமோ சிமெண்ட் அட்டையோ போட்டுக்கொண்டார்கள். உள்ளே அதே மண்சுவர், அதே சாணித்தரை, கோடையில் ஓலைக் குடிசையைவிடக் கொடிய வெக்கை. ஆனால் எங்கள் பகுதியில் நடந்த கணக்கெடுப்பில் தகரக் கூரை வீட்டைக் குடிசையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் ஓலையோடு இருந்ததால் வீடு பெற்றதும், தம்பி தகரம் மாற்றியதால் பெறாமல் போனதும் ஒரே வளவுக்குள் நடந்திருக்கிறது. தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டவனுக்கு அது தகுதியிழப்பாகிவிடுவதை எந்த அதிகாரியாலும் நியாயப்படுத்த முடியவில்லை. "பட்டியல்ல பேர் இல்லையே அண்ணாச்சி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. 1985-இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தின் வாரிசாக 2016-இல் வந்தது அது. சமவெளியில் அடிப்படைத் தொகை 1.20 லட்சம், அதில் ஒன்றிய அரசின் பங்கு 72,000 ரூபாய், மாநிலத்தின் பங்கு 48,000. கான்கிரீட் தளத்துக்காகத் தமிழ்நாடு அரசு மேலும் 1.20 லட்சம் தருவதால், பெயர் தில்லியுடையது என்றாலும் 2.40 லட்சத்தில் 1.68 லட்சம் மாநிலத்தின் பணம்தான். கூலியும் கழிப்பறை மானியமும் இதற்கும் தனி. ஆனால் வெள்ளத்தில் முழுதும் இடிந்த வீட்டுக்கு 4 லட்சமும், பழுது நீக்க 2 லட்சம் வரையும் தருவதாக இதே அரசு 2023 இறுதியில் அறிவித்தது. ஆக, ஒரே தெருவில் ஒரே அளவு வீட்டுக்கு மூன்று தொகைகள். பயனாளிகளுக்கு இதன் காரணம் புரிவதில்லை. இடையில் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைக்கிறார்கள். எந்தத் திட்டத்தில் தம் பெயர் இருக்கிறது, அதன் முழுத்தொகை எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதை ஒரு தாளில் அச்சிட்டு அனுமதி உத்தரவோடு கொடுத்தால் இந்தச் சந்தேகம் எழாது.

மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது. பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் பக்கத்தில் சொந்த மனை உள்ளவர்கள், முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தை அணுக வேண்டும். தாமாகக் கட்டிக்கொள்வோருக்கு அங்கே நீண்டகாலம் 2.10 லட்சம் கிடைத்து வந்தது. கொத்தனார், கையாள் வேலை பார்ப்பவர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால், அங்கே 4 லட்சம் வரை வீட்டு உதவி உண்டு என்பதை ஏனோ யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

அலுவலகச் சேவையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். ஊராட்சிச் செயலரும் ஓவர்சியரும் பல ஊர்களுக்குச் சேர்த்து ஓடுகிறார்கள். நான் உடன் சென்ற இடங்களில் அவமரியாதையாக நடத்தியவர்கள் குறைவு. "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பியவர்கள் நிறைய. லிண்டல் முடிந்து படம் எடுக்க ஆள் வராமல் வாரக்கணக்கில் சுவர் வெயிலில் நின்றதும் உண்டு. அந்த இடைவெளியில் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விடுவார். திரும்ப அழைத்தால் கூலி ஏறியிருக்கும். பில் எழுத, படம் ஏற்ற என்று சில்லறை எதிர்பார்ப்புகளும் இல்லாமல் இல்லை. இதற்கு எங்கள் மாவட்டத்தில் ஒரு வசதி இருந்தது. பிற மாவட்டங்கள் பலவற்றில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். திருநெல்வேலியிலோ மாவட்டப் பிரிவினைக்குப் பிறகு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்ததால், அதன் பின்னும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே தொடர்ந்தார்கள். தலைவர் நம் சார்பில் ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்தால் படம் எடுப்பவர் மறுநாள் வந்துவிடுகிறார் என்பது அனுபவம். தலைவருக்கு வேண்டாதவர் என்றால் என்ன ஆகும் என்பதும் அனுபவம்தான்.

பட்டியல் கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெறப்பட வேண்டும் என்பது விதி. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றிலும் சபை கூடுகிறது. அன்று காலையில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடாமல், வீட்டுப் பட்டியலை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் அதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். 2001-க்கு முன் அரசே கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் கம்பி துருத்தி, தளம் பெயர்ந்து நிற்குமானால், அவற்றுக்கு இத்திட்டத்தில் விண்ணப்பித்துப் பயனில்லை. பழுது பார்க்க 2024-25-இல் அறிவித்த திட்டமும், பழுது பார்க்கவே முடியாதவற்றை மறுகட்டுமானம் செய்ய 2025-26-இல் அறிவித்த திட்டமும் தனியாக உள்ளன. எது பொருந்தும் என்பதை ஒன்றியப் பொறியாளரின் ஆய்வே முடிவு செய்யும்.

கட்டத் தொடங்கிவிட்டவர்களுக்கு இரண்டு குறிப்புகள் மட்டும். பேஸ்மட்டத்தை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். வானக் குழியில் தண்ணீர் நின்று, அதை இறைக்கும் கூலியே தவணையைத் தின்றுவிடும். கடைசித் தவணைக்குக் கழிப்பறை முடிந்திருக்க வேண்டும், பூச்சும் வெள்ளையடிப்பும் முடிந்து முகப்பில் திட்டத்தின் பெயர் எழுதிய படமும் வேண்டும் என்பதால், உறைக்குழிக்கான காசைத் தளம் போட்ட தவணையிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். தளம் போட்ட மகிழ்ச்சியில் கதவுக்கும் டைல்சுக்கும் செலவழித்துவிட்டுக் கழிப்பறைக் குழி தோண்டாமல் கடைசிப் பில்லை இழுத்தடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் ஊரிலேயே இருக்கின்றன.